பேரங்காடி டேப் பிள்ளைக்கு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கைப்பேசியும் டேப்பும் (டேப்லெட்) பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற தோட்டப் பட்டணம் இது. எல்பில், ஹீவுட், டவன்பி என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய குடும்பங்களில் இருந்தும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள்.

பள்ளி திறக்கும் காலத்தில் வருகிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "தம்பி, பேரங்காடியில 299 வெள்ளிக்கு டேப் போட்டிருக்கான். வாங்கலாமா?" கடையில் நின்றபடி சொல்கிற பதில் அரைகுறையாகப் போய்விடுகிறது. பின்னால் நாலு பேர் நிற்பார்கள், என் கையில் ஒரு வேலை இருக்கும். அதனால் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பேரங்காடி டேப் என்று நான் சொல்வது, ரைஸ் குக்கருக்கும் காற்றாடிக்கும் பக்கத்து அடுக்கில், யாரும் கேள்விப்படாத பெயரில், 200 வெள்ளியில் (ரிங்கிட்) இருந்து 400 வெள்ளிக்குள் விற்கிற சாதனத்தை. அதே பேரங்காடியில் பெரிய நிறுவனங்களின் டேப்பும் இருக்கும். அது வேறு கணக்கு.

வாங்கலாமா, வேண்டாமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்கு என்றால் வேண்டாம். வீட்டில் பெரியவர் பாட்டு கேட்க, செய்தி பார்க்க என்றால் வாங்கலாம். அதையும் கடையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எப்படிச் சோதிப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

நல்ல டேப் 600 வெள்ளி. இது 299. பாதி விலைதானே, கெட்டுப்போனால் போகட்டும் என்று வாங்கக்கூடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியென்றால் 299 வெள்ளி டேப் நாலரை நாள் உழைப்பு. வெயிலில் நின்று செய்த நாலரை நாள் வேலையைப் "போகட்டும்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன ஆண்டு ஓர் அக்கா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. டேப்பைத் துண்டில் சுற்றி, பெட்டியோடும் ரசீதோடும் கொண்டுவந்திருந்தார். "தம்பி, கண்ணாடி தூக்கிக்கிச்சு" என்றார். மேசையில் வைத்தேன்; தட்டையாக உட்காராமல் ஆடியது. பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி உப்பி, எண்ணெயில் போட்ட அப்பளம் போல எழும்பி நிற்கிறது. பெட்டியில் பேட்டரியின் கொள்ளளவு 6,000 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பேட்டரியில் ஒட்டியிருந்த காகிதத்தில் 3,500. வாங்கி ஏழு மாதந்தான் ஆகியிருந்தது. ரசீதைப் பார்த்தேன், வெறும் வெள்ளைத்தாள். சூட்டில் அச்சாகும் காகிதம் அல்லவா, எழுத்து முழுக்க மங்கிவிட்டது. வாரண்டி கேட்கவும் வழியில்லை. "பையனோட பாடமெல்லாம் இதுலதான் இருக்கு, அதையாவது எடுத்துக் குடுங்க தம்பி" என்றார். பாடத்தை எடுத்துக் கொடுத்தேன். டேப்பைக் காப்பாற்ற முடியவில்லை.

என் மேசைக்கு வருகிற மலிவு டேப்புகள் பெரும்பாலும் எட்டு மாதம், ஒரு வருடம் என்ற கணக்கில்தான் வருகின்றன. 299 வெள்ளியை எட்டு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 37 வெள்ளி. 599 வெள்ளிக்கு வாங்கிய டேப் மூன்று வருடம் ஓடினால் மாதம் 17 வெள்ளிகூட ஆகவில்லை. மாதக் கணக்கில் பார்த்தால் மலிவு டேப்தான் விலை கூடியது. கையில் இப்போது 300 வெள்ளிதான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பெட்டியில் "8ஜிபி ரேம்" என்று போட்டிருக்கிறதே? பெரிய நிறுவன டேப்பில்கூட 4ஜிபிதான்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் "4+4" என்றோ "2+6" என்றோ இருக்கும். முதல் எண்தான் உண்மையான ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். இரண்டாவது, சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் போலப் பயன்படுத்துவது. மலிவு டேப்பில் அந்தச் சேமிப்பகமே மெதுவான இஎம்எம்சி வகையாக இருக்கும். ரேம் செய்கிற வேலையை அதே வேகத்தில் அதனால் செய்ய முடியாது.

2ஜிபி ரேமில் என்ன நடக்கும் என்று கேட்டால், பிள்ளை கூகுள் மீட்டில் வகுப்பில் இருக்கும். ஆசிரியர் "கிளாஸ்ரூம்ல பயிற்சித்தாள் போட்டிருக்கேன், திறந்து பாருங்க" என்பார். பிள்ளை கிளாஸ்ரூமைத் திறக்கும். பின்னால் இருந்த மீட் மூடிக்கொள்ளும். மறுபடி உள்ளே போவதற்குள் ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, இயங்கலை வகுப்பு நடந்த நாட்களில் இப்படி அழுதுகொண்டே கடைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் உண்மையான 4ஜிபிக்குக் கீழே பள்ளிப் பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

சேமிப்பகத்திலும் கவனம் வேண்டும். 32ஜிபி என்றால் அதில் நல்ல பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். 64ஜிபி இருந்தால் மூச்சுவிட முடியும்.

எட்டு கோர் என்றால் வேகமாக இருக்காதா?

கோர் என்பது டேப்பின் மூளையான சில்லுக்குள் வேலை செய்யும் பகுதி. எத்தனை கோர் என்பதைவிட எந்தக் கோர் என்பதே முக்கியம். மலிவு டேப்புகளில் அடிக்கடி வரும் ஆல்வின்னர் ஏ133 சில்லில் இருப்பது நான்கு கோர்டெக்ஸ் ஏ53 கோர்கள். அந்தக் கோர் 2012இல் அறிவிக்கப்பட்ட வடிவமைப்பு. யூனிசாக் டி606 போன்ற சில்லில் இரண்டு ஏ75 கோர்களும் ஆறு ஏ55 கோர்களும் இருக்கின்றன. ஏ75 வந்தது 2017இல். பாடத்துக்கு டி606 தாங்கும். மீடியாடெக் ஹீலியோ ஜி85, ஜி99 இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியில் சில்லின் பெயரே இல்லாமல் "குவாட் கோர்", "ஆக்டா கோர்" என்று மட்டும் இருந்தால் நான் அந்தப் பெட்டியை அடுக்கிலேயே வைத்துவிடுவேன்.

சிம் போடலாம் என்கிறார்கள். தோட்டத்தில் வைஃபை இல்லாததால் அது எங்களுக்கு வசதி.

வசதிதான், 4ஜி என்றால். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியோடு நிறுத்தும் திட்டப்படி மூடிவிட்டார்கள். பழைய சரக்கில் 3ஜி டேப் இன்னும் கண்ணில் படுகிறது, முக்கியமாக பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் இணையக் கடையிலும். அதில் சிம் போட்டால் லைன் காட்டும், இணையம் ஊர்ந்தே செத்துவிடும். பெட்டியில் "எல்டிஇ" அல்லது "4ஜி" என்ற எழுத்து இல்லாமல் சிம் டேப் வாங்கவே கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. சிம் இல்லாத டேப்பை வாங்கி, உங்கள் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுங்கள். சிம் இடம் இல்லாத மாடல் விலை குறைவு. பிள்ளை எவ்வளவு நேரம் இணையத்தில் இருக்கிறது என்பதும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் அப்பா கைப்பேசியோடு வேலைக்குப் போய்விடுகிற வீட்டில் இது சரிப்படாது.

சிரிம் முத்திரை எதற்கு?

நம் நாட்டில் விற்கும் தொடர்புச் சாதனங்களுக்குத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் சான்று இருக்க வேண்டும். அதற்கான அடையாளம்தான் சிரிம் முத்திரை. பெட்டியிலோ சாதனத்திலோ, சில நேரம் அமைப்புகளுக்குள்ளோ இருக்கும். "செக் யுவர் லேபல்" செயலியில் சரிபார்க்கலாம். சார்ஜருக்கும் இதே கவனம் வேண்டும். மூன்று முள் பிளக் இல்லாமல், இரண்டு முள் சார்ஜரோடு அடாப்டரைச் சேர்த்துக் கொடுத்தால் அது இந்த நாட்டுக்கு என்று செய்த சரக்கு அல்ல.

டேப்பிலேயே வைரஸ் வைத்து விற்கிறார்கள் என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது. உண்மையா?

புலனத்தில் வருவதில் பாதி வதந்தி. இது உண்மை.

2023இல் ஹியூமன் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் "பேட்பாக்ஸ்" என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்டது. மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் டேப்புகளிலும், ஆலைக்கும் கடைக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில், அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே அது நுழைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், குழந்தைகளுக்கு என்று விற்ற ஒரு மலிவு டேப்பில் தீநிரலின் தடயம் இருந்ததை எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் எழுதியது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ "பேட்பாக்ஸ் 2.0" பற்றி எச்சரித்தது. ஜூலையில் கூகுள் வழக்குத் தொடுத்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட சாதனங்கள் அதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. அவை கூகுள் சான்று இல்லாத ஆண்ட்ராய்டு சாதனங்கள்.

இப்படிப்பட்ட தீநிரல் அடிப்படை மென்பொருளில் இருந்தால் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது) செய்தாலும் போகாது. என்னிடம் கொண்டுவந்து "சுத்தம் பண்ணிக் குடுங்க" என்றால் நான் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் "அறிமுகம்" பகுதிக்குப் போங்கள். கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் சான்று பெற்ற சாதனமா இல்லையா என்று அங்கே எழுதியிருக்கும். சான்று இல்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிளே ஸ்டோரே இல்லாமல் வேறு ஏதோ செயலிக் கடை மட்டும் இருந்தாலும் அப்படித்தான்.

எந்த மலிவு டேப்பிலும் வங்கிச் செயலியையும் டச் அண்ட் கோ மின்பணப்பையையும் போடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, பார்சல் சீட்டு என்று புலனத்தில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, பிள்ளை தொட்டு நிறுவிவிட்டால் கணக்கில் இருப்பது போய்விடலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்.

ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு இருக்க வேண்டும்?

பதிப்பு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சாதனத் தகவலில் "பாதுகாப்புப் புதுப்பிப்பு" என்று ஒரு தேதி இருக்கும். அது ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு முந்திய தேதியாக இருந்தால், செய்தவர் அந்த டேப்பை அன்றே கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். பெயர் இல்லாத டேப்புகளில் வாங்கிய நாளில் இருந்த தேதியே கடைசிவரை இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். "கோ எடிஷன்" என்று இருந்தால் அது குறைந்த ரேம் சாதனத்துக்காக 2017 இறுதியில் கூகுள் கொண்டுவந்த இலகு வடிவம். கெட்டதல்ல. ஆனால் பெட்டியில் 8ஜிபி என்று எழுதி உள்ளே கோ எடிஷன் இருந்தால், பெட்டி பொய் சொல்கிறது.

கடையில் என்ன சோதிக்க வேண்டும்? விற்பனையாளர் பெட்டியைத் திறக்க விடுவாரா?

காட்சிக்கு வைத்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் காசு கொடுக்கும் அந்தப் பெட்டியையே திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் வாங்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான இடத்தில் திறக்கிறார்கள். காசு கட்டிய பிறகுதான் திறப்போம் என்று சொன்னால், கட்டிவிட்டு அவர்கள் முன்னாலேயே அதே மேசையில் சோதியுங்கள்.

உங்கள் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு டேப்பை இணையுங்கள். முதலில் சாதனத் தகவலில் ரேம், சேமிப்பகம், பாதுகாப்புத் தேதி மூன்றையும் பாருங்கள். பிறகு பிளே புரொடெக்ட். அதன்பின் யூடியூபில் ஒரு காணொளியை ஓடவிட்டு, அது ஓடும்போதே குரோமில் ஒரு பக்கத்தைத் திறந்து மறுபடி யூடியூபுக்கு வாருங்கள். விட்ட இடத்திலேயே இருக்கிறதா, முதலில் இருந்து தொடங்குகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து திரை. டேப்பைச் சாய்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் கறுத்து, முகம் பேய் மாதிரி தெரிந்தால் அது மட்டமான பேனல். பிள்ளை இரண்டு மணி நேரம் பார்க்கிற திரை அது. தெளிவு 1024x600 என்றால் 10 அங்குலத் திரையில் தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் கலங்கித் தெரியும். கூட்டெழுத்தைப் படிக்கவே பிள்ளை கண்ணைச் சுருக்கும். 1280x800தான் ஆகக் குறைந்தது.

குறிப்பு எழுதும் செயலி இருந்தால் திறந்து, விரலை மூலைக்கு மூலை இழுத்துக் கோடு போடுங்கள். கோடு எங்கே விட்டுப் போகிறதோ அங்கே தொடுதல் வேலை செய்யவில்லை. பையில் இருந்து ஒரு தாளை எடுத்துப் பின்பக்கக் கேமராவில் படம் பிடியுங்கள். வீட்டுப்பாடத்தை எடுத்து அனுப்ப அந்தக் கேமராதான் வேண்டும். எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். கடைசியாக சார்ஜ் துளை. யுஎஸ்பி-சி ஆக இருக்கட்டும். பழைய மைக்ரோ யுஎஸ்பி துளை என்றால் பிள்ளைகள் கேபிளைத் தலைகீழாகக் குத்தியே உடைத்துவிடுகிறார்கள், அந்த வேலை என் கடைக்கு மாதம் தவறாமல் வருகிறது.

ரசீதை அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த அக்காவின் வெள்ளைத்தாளை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

தமிழில் எழுத வருமா?

வரும். இன்றைய ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்து உடையாமல் தெரியும். கூகுளின் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினமும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய செயலி அது. கட்டுரை எழுதும் பிள்ளைக்கு அதைப் போட்டுக் கொடுங்கள்.

பெரிய நிறுவன டேப்பில் நெட்ஃபிளிக்ஸ் தெளிவாக வருகிறது. எங்கள் டேப்பில் மங்கலாக இருக்கிறது. லைன் பிரச்சினையா?

லைன் அல்ல. வைட்வைன் என்ற பாதுகாப்புத் தரம் எல்1 இல்லாமல் எல்3 மட்டும் இருக்கும் டேப்பில் நெட்ஃபிளிக்ஸ் 480பி என்ற குறைந்த தெளிவில்தான் காட்டும். பிறகு மாற்ற முடியாது. யூடியூபுக்கு இந்தத் தடை இல்லை.

கீழே விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. மாற்ற எவ்வளவு ஆகும்?

பெயர் இல்லாத டேப்பைப் பொறுத்தவரை விலைக்கு முன்னால் வேறு கேள்வி இருக்கிறது: அந்தக் கண்ணாடி கிடைக்குமா? தொடுதிரையின் அடியில் ஒரு பட்டை கேபிள் வரும், அதில் பொடி எழுத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அந்த எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் இரண்டு மாதம் கழித்து வந்த சரக்கில் வேறு எண் இருக்கும். வெளிநாட்டில் இருந்து வரவழைத்து மூன்று வாரம் காத்திருந்து பொருந்தாமல் போன கண்ணாடிகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அதனால் இப்போது முன்பணம் வாங்குவதில்லை, முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவன மாடல் என்றால் ஈப்போவிலேயே பொருள் கிடைக்கும்.

எதை வாங்கினாலும் ரப்பர் உறை ஒன்று போடுங்கள்.

இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

மெத்தையிலும் தலையணை அடியிலும் போடவே கூடாது. சூடு வெளியேற வழி இல்லாமல் பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். சிமெண்ட் தரையிலோ மேசையிலோ, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். லயத்து வீடுகளில் ஒரே இழுவைக் கம்பியில் (எக்ஸ்டென்ஷன் வயர்) காற்றாடி, மின்கெண்டி, டேப் எல்லாம் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்து டேப்பைக் கழற்றித் தனிச் சுவிட்சில் போடுங்கள். திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பின்பக்கம் மேடு தட்டினாலோ அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். அழுத்திப் பார்க்க வேண்டாம், ஊசி வைத்துக் குத்தவே வேண்டாம்.

ஒரு வாரத்திலேயே கெட்டுவிட்டது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று அட்டையைக் காட்டுகிறார்கள்.

அந்த அட்டை உங்கள் உரிமையைப் பறிக்காது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் ஓர் அட்டை மாட்டியோ ரசீதில் ஒரு வரி அச்சடித்தோ அதில் இருந்து விலகிக்கொள்ள முடியாது.

முதலில் ரசீதோடு போய்ப் பொறுமையாகக் கேளுங்கள். அவர்கள் பதிலை எழுத்தில் வாங்குங்கள்; புலனத்தில் எழுதி வாங்கினாலும் போதும். ஒத்துவராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். 299 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா என்று நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அது நாலரை நாள் கூலி, விடாதீர்கள். மலாய் மொழியில் மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பிள்ளையின் பள்ளி ஆசிரியரிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ உதவி கேளுங்கள்.

இணையக் கடையில் இன்னும் மலிவு. 150 வெள்ளிக்கு 16ஜிபி ரேம், 512ஜிபி!

அந்த விலைக்கு அந்தப் பொருளைச் செய்யவே முடியாது. சாதனத் தகவலில் காட்டும் எண்ணையே மாற்றி எழுதி விற்கிறார்கள். நான் திறந்து பார்த்ததில் 2ஜிபி இருந்தது. வெளிநாட்டில் இருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்? பேரங்காடி டேப்பில் நான் ஒப்புக்கொள்கிற ஒரே பெரிய நன்மை, கேட்க ஓர் ஆள் ஊரிலேயே இருக்கிறார் என்பதுதான்.

பேரங்காடி விற்கும் டேப் என்றாலே மோசமா?

இல்லை. நம் நாட்டில் 2002இல் கடை திறந்து இன்று லோட்டஸ் என்று பெயர் மாறியிருக்கும் டெஸ்கோவை எல்லாருக்கும் தெரியும். அந்த நிறுவனம் 2013இல் பிரிட்டனில் "ஹட்ல்" என்று தன் சொந்த டேப்பை 119 பவுனுக்கு விற்றது. 7 அங்குலம், 1440x900 தெளிவுத் திரை, 16ஜிபி. அந்தக் காலத்துக்கு அந்த விலைக்கு அது நல்ல பொருள். அடுத்த ஆண்டு 8.3 அங்குலத்தில் இன்னும் நல்ல திரையோடு இரண்டாவது வந்தது. 2015இல் நிறுத்திவிட்டார்கள்.

ஹட்ல் நன்றாக இருந்ததற்குக் காரணம், விற்கிற கடையே தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்றது. நம் ஊர் அடுக்கில் இருக்கும் பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு மலேசியாவில் ஒரு சேவை மையமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என் "வேண்டாம்" கொஞ்சம் தளரும்.

சரி, கையில் 300 வெள்ளிதான் இருக்கிறது. அரசாங்கம் கொடுக்கும் 150 வெள்ளியைச் சேர்த்தால் 450. என்ன செய்வது?

முதலில், பள்ளி தொடக்க உதவியான 150 வெள்ளி காலணிக்கும் பைக்கும் சீருடைக்கும் போகட்டும். அதை டேப்பில் போடாதீர்கள்.

300 வெள்ளிக்கு என் முதல் ஆலோசனை, பெரிய நிறுவனத்தின் பயன்படுத்திய டேப். சாம்சங், லெனோவோ, சியோமி எதுவானாலும் 4ஜிபி ரேமுக்குக் குறையாமல், மூன்று வருடத்துக்கு மேல் பழசாகாமல் பாருங்கள். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை வாங்கும் இடத்திலேயே உறுதி செய்யுங்கள்; இல்லாவிட்டால் ரீசெட் செய்ததும் பூட்டிக்கொள்ளும், திறக்க முடியாது.

பிள்ளை இடைநிலைப்பள்ளி என்றால் டேப்பையே மறந்துவிட்டுப் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றைத் தேடுங்கள். அலுவலகங்கள் கழித்த மடிக்கணினிகள் இன்னும் கொஞ்சம் காசு போட்டால் கிடைக்கும். விசைப்பலகை இருக்கிறது, பேட்டரியை மாற்றலாம், கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளக் கணக்கில் நுழைந்து எல்லா வேலையும் செய்யலாம். கட்டுரையைத் திரையில் விரலால் தட்டி எழுதுகிற பிள்ளை சீக்கிரம் சலித்துப்போகும்.

அதுவும் முடியாது என்றால், இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். இயங்கலை வகுப்பு தினமும் நடந்த காலம் போய்விட்டது. வீட்டுப்பாடத்துக்கு அம்மாவின் கைப்பேசி போதும். முன்பு இணைய மையம் என்றும் பிறகு பெடி என்றும் சொன்ன இடங்கள் இப்போது நாடி என்ற பெயரில் இயங்குகின்றன. அங்கே கணினியும் இணையமும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்துகிறார்கள். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். டேப் இல்லாததால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயத்தில் அவசரப்பட்டு வாங்கியவர்களைத்தான் ஒரு வருடத்துக்குள் என் மேசைக்கு எதிரே பார்க்கிறேன்.

மூன்று வயதுப் பேத்திக்கு, சாப்பிடும்போது காட்ட ஒன்று வேண்டும்.

வாங்காதீர்கள் அம்மா. இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

தாத்தாவுக்கு?

தாத்தாவுக்கு வாங்குங்கள். மலிவு டேப் தன் விலைக்கு உழைக்கிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே செயலி. மேசையில் சாய்த்து வைத்தால் இடம் மாறுவதில்லை. கீழே விழுவதும் இல்லை. அரசு ஒலிபரப்பின் ஆர்டிஎம் கிளிக் செயலியைப் போட்டு மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி வைத்துக் கொடுங்கள். எழுத்து அளவைப் பெரிதாக்குங்கள். முகப்பில் மூன்று செயலியை மட்டும் விட்டு மற்றதை மறைத்துவிடுங்கள். ஹீவுட்டில் இருந்து வரும் ஒரு பெரியவர் இப்படி வாங்கிய டேப்பை மூன்று வருடமாக வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை ஒலிபெருக்கித் துளையில் அடைந்த தூசியைத் தட்டத்தான் கொண்டுவருவார்.

பழைய டேப்பை விற்கலாமா, தூக்கிப் போடலாமா?

விற்பதற்கு முன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய சாதனங்களில் தகவல் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) கட்டாயம் என்பதால் ரீசெட்டுக்குப் பிறகு படங்களை மீட்பது கடினம். அதற்கு முந்திய டேப் என்றால் விற்காதீர்கள். முதல் ஹட்லிலேயே ரீசெட் செய்த பிறகும் பழைய உரிமையாளரின் தகவலை எடுக்க முடிந்தது என்று 2014இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிள்ளைகளின் படம் இருக்கிற பொருள் அது.

உடைந்ததையும் உப்பியதையும் வீட்டுக் குப்பையில் போட வேண்டாம். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். என் கடையின் பின்பக்கம் பழைய பிஸ்கட் டின்னில் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன், உப்பிய பேட்டரிகளை அதில் போட்டுவைத்து, சேர்ந்ததும் மின்கழிவு எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறேன். யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுக்கலாம், காசு வாங்குவதில்லை. சார்ஜில் போடாமல், துண்டில் சுற்றி, மோட்டார் கூடையில் குலுங்காமல் எடுத்து வாருங்கள்.